கிரெசோன் பாத்தியும் ஏழாம் இணைப்பும்

சிவகாமிக்குச் செருப்பு என்பது பஸ் ஏறுவதற்கான பொருள். மற்ற நேரமெல்லாம் அவள் காம் பம்பூ ஆற்றில் கணுக்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பாள். தீவின் தென்கரையில் சுயாக்கிலிருந்து மேட்டுப் பாதையில் இரண்டு மைல் ஏறினால் கரும்புக்கு நடுவே அறுபது வீடு தெரியும். அதுதான் காம் பம்பூ. அதை ஒட்டி இறங்கும் ஆற்றில் ஐந்து குடும்பங்கள் கிரெசோன் போட்டிருந்தன. கிரெசோன் ஒரு நீர்க்கீரை. அதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும், அதுவும் அடிக்கல் தெரிகிற தண்ணீர் வேண்டும். ஆற்றில் கருங்கல்லை வரிசையாக அடுக்கி வேகத்தைக் குறைத்து, இடுக்குகளில் தண்டைச் செருகினால் மூன்று நான்கு வாரத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடும். விடிந்ததும் அறுத்துக் கட்டு கட்டி, ஈரச் சாக்கில் சுற்றி முதல் பஸ்ஸில் ஏற்றினால், மதியத்துக்குள் அது யார் வீட்டுச் சோற்றிலோ சாறாக விழுந்துவிடும்.

இந்த வேலைக்காக அவள் படிக்கவில்லை. கரும்பு வெட்டிய அப்பாவுக்குப் பிறந்த நான்கு பேரில் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட் தேறியவள் அவள் ஒருத்திதான். ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண். அந்தத் தாளை அப்பா கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அலுவலக வேலை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது கம்பளிச்சட்டை ஆலை. எழுபத்தெட்டில் சுயாக் பக்கம் அது திறந்தபோது ஊர்ப் பெண்கள் எல்லோரும் போனார்கள், அவளும் போனாள். ஒன்பது வருடம் சோதனை மேஜையில் நின்றாள். தைத்து வந்த சட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, விட்டுப்போன தையலைத் தேடுவது வேலை. பிறகு முதலாளிகள் இயந்திரங்களை லாரியில் ஏற்றி வடக்கே குட்லண்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேஜையும் போயிற்று. அதற்குள் பஸ் கண்டக்டர் விநாயகத்தைக் கட்டியிருந்தாள். அவனுடைய அம்மா விட்டுப்போன கிரெசோன் பாத்தி ஆற்றில் காடாகக் கிடந்தது. இறங்கிச் சுத்தம் செய்தாள். இரண்டு பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சீருடை, டியூஷன் எல்லாம் அந்தப் பாத்தியிலிருந்துதான் நடந்தது.

கோவில் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் அந்த ஆங்கிலத்தால்தான். ஊரில் எல்லோருக்கும் போல அவளுக்கும் தமிழ் என்பது சாமி முன்னால் பாடுவதற்கு மட்டும். வீட்டிலும் ஆற்றிலும் தீவுமொழியான கிரியோல்தான் பேச்சு. அரசாங்கத்துக்கோ கம்பெனிக்கோ ஒரு கடிதம் போக வேண்டும் என்றால் ஆங்கிலம். அதைப் பிழையில்லாமல் எழுத காம் பம்பூவில் வேறு ஆள் இல்லை. சங்கத் தலைவர் அப்பாசாமி, தோட்டத்தில் சர்தாராக இருந்து ஆள்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்வார், இவள் எழுதுவாள், அவர் முத்திரை குத்துவார். அந்த முத்திரையை வேஷ்டி மடிப்பில் வைத்திருப்பார்.

தொண்ணூற்றைந்து ஜனவரியில் காவடி வந்தது. மேட்டில் கல் உடைக்கும் கம்பெனி, காவடிக்காரர்கள் குளிக்க இறங்கும் பாதையில் மூன்று லாரி ஜல்லி கொட்டிச் சமன் செய்து, ஆற்றோரத்தில் கான்கிரீட் மேடையும் போட்டுக் கொடுத்தது. வருடா வருடம் சேற்றில் வழுக்கி யாராவது ஒருவர் இடுப்பை உடைத்துக்கொள்ளும் இடம் அது. கம்பெனி மேனேஜரே வந்து அப்பாசாமி வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தார். பணம் ஒன்றும் வேண்டாம், எங்கள் கோப்பில் வைக்க ஒரு சின்னக் கடிதம் போதும் என்றார்.

சிவகாமி அந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினாள். முதல் இரண்டும் பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல இருந்தன. மூன்றாவதில் அகராதியை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நன்றியை ஒரு பத்தியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. காம் பம்பூ மக்கள் என்றும் கம்பெனியின் பக்கம் நிற்பார்கள் என்றும், கம்பெனியின் எல்லா முயற்சிகளுக்கும் முருகப்பெருமானின் ஆசி உண்டு என்றும் எழுதி, அந்த வாக்கியத்தின் ஓட்டத்தைத் தானே வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தாள்.

"கோவில் கடுதாசின்னா ஆசீர்வாதம் இல்லாம முடிக்கலாமா?" என்றார் அப்பாசாமி. முத்திரை விழுந்தது.

"மூணு லாரி ஜல்லிக்கு இவ்வளவு நல்ல இங்கிலீஷா?" என்றான் விநாயகம். "பத்து லாரி போட்டிருந்தா கதையே எழுதிக் குடுத்திருப்பே போல."

ஏப்ரலில் ஒருநாள் அவன் சீட்டில் யாரோ விட்டுப்போன செய்தித்தாளைக் கொண்டுவந்தான். கீரை சுற்ற உதவும் என்று எப்போதும் கொண்டுவருவான். சுற்றுவதற்கு முன் படித்துவிடுவது அவள் வழக்கம். உள்பக்கத்தில் கட்டம் கட்டிய அறிவிப்பு ஒன்று இருந்தது. காம் பம்பூ கல்குவாரியை மூன்று மடங்காக விரிவாக்கவும், கல்லும் கல்மணலும் கழுவிய சேற்றைக் கொட்டவும் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. புதுச் சட்டப்படி தயாரித்த சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் தலைநகர் போர்ட் லூயிஸ் அலுவலகத்தில் பார்க்கலாம். இருபத்தொரு நாளுக்குள் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம்.

அவள் செய்தித்தாளின் தேதியைப் பார்த்தாள்.

"விநா, இது எத்தனை நாளா உன் பஸ்ல கிடந்துச்சு?"

"நான் என்ன, பேப்பருக்கு டிக்கெட்டா குடுக்கிறேன், ஏறின நாளை ஞாபகம் வச்சுக்க?"

பன்னிரண்டு நாள் போய்விட்டிருந்தது.

மறுநாள் கீரையை அவன் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கியூர்பிப்பில் வண்டி மாறிப் போர்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தாள். வழியெல்லாம் புதுக் கட்டடங்கள். கடலோரத்தில் ஹோட்டல், ஊருக்கு ஊர் ஆலை, எல்லாவற்றுக்கும் கான்கிரீட், எல்லாக் கான்கிரீட்டுக்கும் கல். இந்தக் கல் எங்கிருந்து வருகிறது என்று இத்தனை நாள் தான் ஏன் யோசிக்கவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. தினமும் காதில் விழுந்த சத்தம்தானே அது.

அலுவலகத்தில் ஜினெட் என்ற அம்மாள் கவுண்டரில் இருந்தாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"அறிக்கை யாருக்கு, மதாம்? வக்கீலுக்கா, கம்பெனிக்கா?"

"எனக்கு."

"உங்களுக்கா? இங்கிலீஷ்ல இருக்கு. நூத்து நாப்பது பக்கம்."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

"எனக்கும் தெரியும். அதுக்காக நான் படிச்சேனா?" என்று சிரித்தபடி ஜினெட் தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தாள். "இங்கேயே படிக்கணும். வெளியே கொண்டுபோகக் கூடாது. மூணரைக்கு மூடிடுவேன்."

சிவகாமி நோட்டை விரித்து எழுதத் தொடங்கினாள். பாதிச் சொற்கள் புரியவில்லை. புரிந்தவை போதுமாயிருந்தன. கழுவிய சேறு நாள் ஒன்றுக்கு நாற்பது டன் வரும். ஆற்றுக்கு மேலே அறுபது மீட்டரில் இருக்கும் பழைய பள்ளத்தில் அதைக் கொட்டுவார்கள். பெருமழைக் காலத்தில் சிறிதளவு சேறு வழிந்து ஆற்றில் சேரக்கூடும். அடுத்த வரியில் அவள் பேனா நின்றது. கீழ்ப்பகுதியில் ஆறு எந்தத் தொழிலுக்கும் பயன்படுத்தப்படாததால் இதனால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. பார்க்க, படம் நான்கு.

படம் நான்கில் அவளுடைய ஆறுதான் இருந்தது. புதுக் கான்கிரீட் மேடை, பளிங்குத் தண்ணீர், ஒரு இலை இல்லை, அடுக்கிய கல் ஒன்றுகூட இல்லை. கீழே தேதி. காவடிக்கு இரண்டு நாள் முன்பு.

அவள் தேதியை நோட்டில் எழுதினாள். காவடிக்கு விரதம் பத்து நாள். அந்தப் பத்து நாளும் காம் பம்பூவில் யாரும் கத்தியோடு ஆற்றில் இறங்கமாட்டார்கள். விரதம் தொடங்கும் முன்பே கிரெசோனை ஒட்ட அறுத்து, கல்வரிசையைக்கூடக் கரையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள், காவடிக்காரர்கள் குளிக்கிற தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று. யாரும் சொல்லிச் செய்வதில்லை. ஐந்து குடும்பமும் அப்படித்தான். வருடத்தில் மற்ற நாளெல்லாம் பாத்தியாக இருக்கிற ஆறு, வெறுமையாக இருக்கும் பத்து நாளில் ஒரு நாள் பார்த்துப் படம் எடுத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே வந்தார்களா, தற்செயலா? படத்திடம் கேட்டால் சொல்லுமா?

மணி மூன்றுக்கு இணைப்புகளுக்கு வந்தாள். மண் சோதனை, காற்றுச் சோதனை, வரைபடம். ஏழாம் இணைப்பைத் திருப்பியதும் தன் கையெழுத்தைப் பார்த்தாள். சாய்ந்த எழுத்து, வளைத்துப் போட்ட சுழி, அப்பாசாமியின் ஊதா முத்திரை. அறிக்கைக்குள் அதற்கு ஒரு வரி விளக்கமும் இருந்தது. வட்டாரத் தமிழ்ச் சமயச் சங்கம் இத்திட்டத்துக்குத் தன் ஆதரவையும் ஆசியையும் எழுத்து மூலம் வழங்கியுள்ளது.

"என்ன மதாம், முகம் இப்படிப் போயிடுச்சு?" என்றாள் ஜினெட்.

"இது நான் எழுதினது."

ஜினெட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தாள். "அழகான கையெழுத்து," என்றாள். பிறகு விஷயம் புரிந்து, "ஆயோ மாமா," என்றாள் மெதுவாக, ஐயோ அம்மா என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் சிவகாமி அப்பாசாமியைக் கோவில் அலுவலக அறையில் பிடித்தாள். நோட்டில் எழுதி வந்ததை கிரியோலில் மாற்றிச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் நிறுத்தியபோது, "சொல்லு, கேக்குது," என்றார்.

"இன்னொரு கடுதாசி போடணும், மாமா. சங்கம் பேர்ல. நாங்க ஜல்லிக்கு நன்றி சொன்னோம், குவாரிக்குச் சம்மதம் சொல்லலைன்னு. ஒன்பது நாள்ல நாலு நாள் போயிடுச்சு."

"ஆசீர்வாதம் பண்ணியிருக்கே."

"அது ஒரு மரியாதைக்கு எழுதினது."

"யார் பேர்ல எழுதினே?"

அவள் நோட்டை மூடினாள்.

"முருகன் பேர்ல," என்றார் அவரே. "குடுத்த ஆசீர்வாதத்தை எந்தக் கோவிலாவது வாபஸ் வாங்கியிருக்கா? ஜனவரியில சாமி அருள் குடுத்தாரு, ஏப்ரல்ல திருப்பி எடுத்துக்கிட்டாருன்னு எழுதச் சொல்றியா? படிக்கிறவன் சிரிக்கமாட்டான்?"

"அருள் குடுத்தது சாமி இல்லை, மாமா. நான். அகராதியைப் பார்த்து எழுதினேன்."

"முத்திரை என்னுது. முத்திரை விழுந்தா அது உன் பேச்சு இல்லை."

"அப்போ ஆத்துல சேறு வந்தா? அடுத்த காவடிக்கு எதுல குளிப்பாங்க?"

அந்தக் கேள்வி அவரைத் தொட்டது. முகத்தைத் தடவிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மண்டபத் தளத்துக்கும் கல் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது, அதைக் கமிட்டியில் அவர் பெருமையாகச் சொல்லியும் ஆயிற்று. "வாயால சொல்லிப் பார்க்கிறேன்," என்றார். "மேனேஜர் நல்ல மனுஷன். டீ குடிச்சுட்டுத்தான் போனாரு. எழுத்து வேண்டாம்."

வெளியே வந்தபோது சிவகாமிக்கு அவர்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் கோபம் அதிகம் வந்தது. தையல் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க ஒன்பது வருடம் சம்பளம் வாங்கியவள், தன் கடிதத்தை ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாளா? நன்றாக எழுதிவிட்டோம் என்ற சந்தோஷம்தான் அவள் கண்ணை மறைத்தது. படிக்காத ஒருத்தி இரண்டு வரியில் நன்றி சொல்லியிருப்பாள். கம்பெனிக்கு அது எதற்கும் உதவியிருக்காது.

சங்கம் இல்லை என்றால் பாத்திக்காரர்கள். அன்று மாலையே ஆட்சேபக் கடிதத்தை எழுதினாள். இந்த முறை அலங்காரம் இல்லை. ஐந்து பாத்தி, ஒவ்வொன்றின் அளவு, வாரத்துக்கு எத்தனை கட்டு, எந்தச் சந்தை, பத்து நாள் ஏன் வெறுமை என்று மட்டும். அதை எடுத்துக்கொண்டு முதலில் காமாட்சியிடம் போனாள். ஐம்பதைத் தாண்டிய விதவை, ஆற்றில் எல்லோருக்கும் மேலே, குவாரிக்கு மிக அருகில் இருப்பது அவள் பாத்திதான். சேறு வந்தால் முதலில் அவளுக்குத்தான்.

காமாட்சி கடிதத்தைத் தொடவே இல்லை. "என் பேர் இதுல இருக்கா?"

"பாத்தியோட அளவு இருக்கு, அக்கா. பேர் கீழே நீ போடணும்."

"அளவு யாரு கேட்டா உன்னை? ஆத்தங்கரை யாரோட நிலம்?"

"கரும்பு எஸ்டேட் நிலம்."

"நம்ம கையில தாள் இருக்கா?"

"இல்லை."

"இருபத்தி ரெண்டு வருஷமா தாள் இல்லாம கீரை போடறேன். ஏன் ஓடுதுன்னு நினைக்கிறே? யாரும் என்னைப் பார்க்கலை, அதனால ஓடுது. நீ போய் அவங்களுக்கு என்னைக் காட்டிக் குடுக்கிறே. காமாட்சி, எட்டு மீட்டர், வாரத்துக்கு நூத்தி இருபது கட்டுன்னு. நல்லா இருக்குடி உன் படிப்பு!"

"சேறு வந்தா பாத்தியே இருக்காது, அக்கா."

"சேறு வந்தா கழுவிக்கலாம். எஸ்டேட்காரன் வந்தா கழுவ முடியுமா?"

மற்ற மூன்று வீட்டில் இரண்டு பேர் மறுத்தார்கள். ஒருவன் கையெழுத்துப் போட்டு, மறுநாளே வந்து அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் போனான். அடித்த கோடு கடிதத்தைப் பார்க்கவே சகிக்காமல் செய்தது. அவள் மறுபடி சுத்தமாகப் பிரதி எடுத்தாள். இந்தத் தடவை மற்றவர்களின் அளவுகளை எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தாள். எடுத்தால் மீதி இருப்பது அவளுடைய ஒரு பாத்தி. ஒரு பாத்திக்காக யார் குவாரியை நிறுத்துவார்கள்? ஐந்து என்று எழுதினால்தான் தொழில் என்று ஆகும். பேர்களை விட்டாள், ஐந்து பாத்தியை விடவில்லை.

இருபத்தொன்றாம் நாள் பகல் இரண்டரைக்குக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தாள். கியூர்பிப் பஸ் வழியில் நின்றுவிட்டிருந்தது.

ஜினெட் கடிதத்தை முழுவதும் படித்தாள். "நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கணும். இதுல இருக்கிற பேரும் ஏழாம் இணைப்புல இருக்கிற பேரும் ஒண்ணு. அனுமதி குடுக்கிற கமிட்டிக்காரங்க கேப்பாங்க: இந்த அம்மா ஜனவரியில வாழ்த்தினாங்க, மே மாசம் எதிர்க்கிறாங்க, எது நிஜம்? நீங்க சங்கச் செயலாளரா எழுதறீங்களா, தனி ஆளாவா?"

"தனி ஆளா."

"அப்போ அந்தக் கடுதாசி பத்தி நீங்களே ஒரு வார்த்தை எழுதிடுங்க. அவங்க கேக்கிறதுக்கு முன்னாடி."

சிவகாமி கவுண்டரில் சாய்ந்தபடியே கீழே நான்கு வரி சேர்த்தாள். ஏழாம் இணைப்பை எழுதியது நான்தான். அது பாதைக்கு ஜல்லி கொடுத்ததற்கு நன்றி. திட்டம் பற்றி அப்போது எங்களிடம் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆசி என்று எழுதியது என் தவறு, சங்கத்தின் தவறு அல்ல. கையெழுத்துப் போட்டாள். அப்பாசாமியைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினாளா, உண்மை அதுதான் என்று எழுதினாளா என்பது அவளுக்கே தெளிவாகவில்லை. ஜினெட் ரப்பர் முத்திரையில் தேதியைத் திருப்பி, ஓங்கிக் குத்தினாள்.

இந்த நான்கு வரியின் சேதி எப்படியோ ஊருக்கு வந்தது. ஜூனில் சங்கக் கூட்டத்தில் அவளுக்கு நன்றி சொல்லி, வேலைப்பளு கருதிச் செயலாளர் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். அந்தத் தீர்மானத்தை எழுத ஆள் இல்லாமல் அப்பாசாமி தடுமாறினார். "நானே எழுதித் தரவா, மாமா?" என்றாள் அவள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் முடிவு வந்தது. அனுமதி உண்டு. நிபந்தனைகளும் உண்டு: பள்ளத்தைச் சுற்றிச் சுவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர்ச் சோதனை, ஆற்று நீர் கலங்கினால் அதைப் பயன்படுத்துவோர் நாளும் நேரமும் குறித்து எழுத்தில் புகார் தரலாம், மூன்று புகார் நிரூபணமானால் கழுவும் வேலையை நிறுத்திவைக்க வேண்டும். சிவகாமி அந்த நிபந்தனைகளைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தன் கடிதம் இல்லாவிட்டால் அவை இருந்திருக்காது என்று நம்ப விரும்பினாள். ஆனால் அதே தாளில் இன்னொரு வரியும் இருந்தது. கீழ்ப்பகுதியில் ஐந்து கிரெசோன் பாத்திகள் உள்ளதாகத் தெரியவருகிறது. அவற்றுக்கு நில உரிமையோ குத்தகையோ இல்லை. ஆகவே இழப்பீடு என்ற கேள்வி எழவில்லை. அறிக்கையில் இல்லாதிருந்த அந்த ஐந்து பாத்தியும் முதல்முறையாக அரசாங்கக் காகிதத்தில் ஏறியிருந்தன, உரிமையில்லாதவையாக.

இரண்டு வாரத்தில் எஸ்டேட்டிலிருந்து ஐந்து வீட்டுக்கும் ஆள் வந்து தாள் கொடுத்துவிட்டுப் போனான். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அன்று மாலை நான்கு வீட்டுக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டு வந்து நின்றது சிவகாமி வீட்டு வாசலில்தான்.

முன்னால் காமாட்சி. மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள். "படி," என்றாள். "நீதானே வரவழைச்சே, நீயே படி."

சிவகாமி மேஜையை வராந்தாவுக்கு இழுத்துப் போட்டாள். ஒரு வரி படித்து, அதை கிரியோலில் சொல்லி, புரிந்ததா என்று கேட்டு, அடுத்த வரிக்குப் போனாள். எஸ்டேட்டின் தயவால் நாங்கள் ஆற்றைப் பயன்படுத்துகிறோம். அடுத்த வருடம் முடியும்வரை பயன்படுத்தலாம். தண்ணீரின் அளவு, தன்மை பற்றி எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அதுபற்றி எந்த அலுவலகத்திலும் புகார் செய்ய மாட்டோம். கையெழுத்திடாதவர் டிசம்பருக்குள் பாத்தியை அகற்ற வேண்டும்.

"இந்த நாலாவது வரி என்னன்னா," என்றாள், "சேறு வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. அரசாங்கம் புகார் குடுக்கலாம்னு சொன்னதை நீங்களே விட்டுக் குடுக்கிறீங்க. திரும்பச் சொல்லட்டா?"

"புரிஞ்சுது," என்றாள் காமாட்சி. "எங்கே போடணும்?"

"அக்கா, நல்லா யோசிச்சு..."

"டிசம்பர்ல எடுத்துட்டா ஜனவரியில நான் என்ன விக்கிறது? ஒண்ணேகால் வருஷம் குடுக்கிறான். அது போதும் எனக்கு. எங்கே போடணும்?"

சிவகாமி இடத்தைக் காட்டினாள். காமாட்சிக்குக் கையெழுத்து வராது. மையைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினாள். பேர், வீட்டு எண், பாத்தி இருக்கும் இடம் எல்லாவற்றையும் சிவகாமியே நிரப்பினாள். அடுத்தவனுக்கு, அதற்கடுத்தவனுக்கு. நான்கு தாளையும் முடித்தபோது கை வலித்தது. எத்தனை சுத்தமாக எழுதுகிறாய் என்று ஒருவன் பாராட்டினான். அவள் மைப்புட்டியை மூடினாள்.

எல்லோரும் போன பிறகு விநாயகம் ஐந்தாவது தாளைத் தூக்கிப் பார்த்தான். "இது?"

"கிடக்கட்டும்."

"டிசம்பர்ல எடுக்கச் சொல்வான்."

"சொல்லட்டும். அதுவரைக்கும் நான் எழுதலாம் இல்லை?"

"எழுதி?" என்றான் அவன். கேலியாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவள் தாளை வாங்கி மடித்து நோட்டுக்குள் வைத்தாள். இரண்டு பெண்களின் டியூஷனுக்கு ஜனவரியில் என்ன செய்வது என்ற கேள்வி இருவர் மனத்திலும் இருந்தது.

சுவர் கட்டி முடிக்கும் முன்பே கம்பெனி பள்ளத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. அக்டோபரில் வந்த முதல் பெருமழை இரவெல்லாம் கொட்டி விடியலில் விட்டது. சிவகாமி ஆற்றில் இறங்கியபோது தண்ணீரில் வழக்கமான மழைக் கலங்கல்தான் இருந்தது. இருந்ததை அவசரமாக அறுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தாள். கணுக்காலில் ஏதோ வழுவழுப்பாகப் பட்டது. குனிந்து பார்ப்பதற்குள் மேலேயிருந்து சத்தம் வந்தது.

"சிவகாமி! ஏ சிவகாமி!"

வளைவுக்கு அப்பால் மேல்பாத்தியில் நின்றுகொண்டு காமாட்சி கையை ஆட்டினாள். அவள் கையிலிருந்த கிரெசோன் கட்டு சிமென்டில் தோய்த்தது போலச் சாம்பலாக இருந்தது.

"வந்துடுச்சுடி! மேலேருந்து சாம்பலா வருது! கழுவக் கழுவப் போகலை!" கட்டைக் கல்மேல் அறைந்தாள். பிறகு கத்தினாள்: "எழுதிக்கோ! நான் எழுத முடியாது, நீ எழுதிக்கோ! எட்டு மணிக்கு வந்துச்சுன்னு போடு!"

சிவகாமி கத்தியைக் கரையில் எறிந்துவிட்டு ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி தண்ணீருக்குள்ளேயே மேலே நடந்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எட்டா, எட்டரையா? சரியாச் சொல்லு அக்கா. எட்டேகால் பஸ் அப்போ போயிடுச்சா, போகலையா?"